மருந்து எளிது, நோயாளி வருவது அரிது

பாலுறவு வழியாகத் தொற்றும் கிருமிகள் முப்பதுக்கும் மேல் உண்டு. பெரும் சேதம் செய்பவை அவற்றில் எட்டு. கிரந்தி எனப்படும் சிபிலிஸ், வெட்டை எனப்படும் கொனோரியா, கிளமிடியா, டிரைக்கோமோனியாசிஸ் ஆகிய நான்கும் மருந்தால் முழுமையாகக் குணமாகும். மற்ற நான்கும் வைரஸ்களால் வருபவை: ஹெபடைட்டிஸ்-பி, ஹெர்ப்பிஸ், எச்.ஐ.வி., எச்.பி.வி. இவற்றில் சிலவற்றைத் தடுப்பூசியால் தடுக்கலாம், சிலவற்றை மருந்தால் அடக்கி வைக்கலாம். வேரோடு அகற்றும் மருந்து இல்லை. குணமாகக்கூடிய நான்கு நோய்களில் மட்டும் 2020-ஆம் ஆண்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்டோரிடையே 37.4 கோடி புதிய தொற்றுகள் ஏற்பட்டதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டது. அதாவது நாளொன்றுக்குப் பத்து லட்சத்துக்கும் மேல்.

இவ்வளவு பேருக்கு வரும் நோய் வெளியே தெரியாமல் இருப்பதற்குக் காரணம் கூச்சம் மட்டுமல்ல. பெரும்பாலான தொற்றுகளில் அறிகுறியே இருப்பதில்லை. கிளமிடியா வந்த பெண்களில் பெரும்பாலோருக்கு வலியோ புண்ணோ தெரியாது. ஆண்டுகள் கழித்துக் கருக்குழாய் அடைபட்டு, குழந்தை இல்லை என்று மருத்துவரிடம் போகும்போதுதான் பழைய தொற்றின் தடம் வெளிப்படும். சிபிலிஸின் முதல் புண் வலிக்காது, தானாகவே ஆறியும் போகும். நோய் போய்விட்டது என்று நோயாளி நினைத்திருக்க, கிருமி உடலுக்குள் தங்கிப் பல ஆண்டுகளுக்குப் பிறகு இதயத்தையும் மூளையையும் தாக்கலாம். இன்னொரு சிக்கலும் உண்டு. ஒருவருக்கு மட்டும் சிகிச்சை கொடுத்து அனுப்பினால், வீட்டில் இருக்கும் துணையிடமிருந்து அதே தொற்று திரும்ப வந்துவிடும். ஆகவே இது ஒரு மருத்துவரும் ஒரு நோயாளியும் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளும் காரியமாக இருக்க முடியாது. அரசு தலையிட்டாக வேண்டும். எப்படித் தலையிடுவது என்பதில்தான் இருநூறு ஆண்டு வரலாறு அடங்கியிருக்கிறது.

முதல் முயற்சி வற்புறுத்தல். பிரிட்டிஷ் படைகள் தங்கியிருந்த ஊர்களில், சென்னை மாகாணம் உட்பட, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே 'லாக் ஆஸ்பத்திரிகள்' திறக்கப்பட்டன. பாலியல் தொழிலாளர் என்று கருதப்பட்ட பெண்களைக் கொண்டுவந்து பரிசோதித்து, நோய் இருந்தால் குணமாகும்வரை அடைத்து வைக்கும் இடங்கள் அவை. 1868-இல் வந்த இந்தியத் தொற்றுநோய்கள் சட்டம் இந்த ஏற்பாட்டை விரிவாக்கியது: குறிப்பிட்ட ஊர்களில் பெண்கள் காவல்துறையிடம் பதிவு செய்துகொள்ள வேண்டும், தவணை தவறாமல் பரிசோதனைக்கு வர வேண்டும். அவர்களிடம் போய்வந்த சிப்பாய்களுக்கு அப்படி எந்தப் பதிவும் கிடையாது. பெண்கள் ஊரைவிட்டு ஓடினார்கள், பெயரை மறைத்தார்கள். சிப்பாய்களிடையே நோயும் எதிர்பார்த்தபடி குறையவில்லை. இங்கிலாந்தில் இதேபோன்ற சட்டங்களை எதிர்த்து ஜோசஃபின் பட்லர் நடத்திய இயக்கத்தின் விளைவாக அங்கே 1886-இலும், அதன் தொடர்ச்சியாக இந்தியாவில் 1888-இலும் சட்டம் நீக்கப்பட்டது.

இதற்கு நேர் எதிரான வழியை இங்கிலாந்து 1916-இல் எடுத்தது. உள்ளாட்சி அமைப்புகள் இலவச சிகிச்சை நிலையங்களை நடத்த வேண்டும், வருவோரின் பெயரும் விவரமும் வெளியே போகக் கூடாது, செலவில் முக்கால் பங்கை மத்திய அரசு தரும் என்று விதிகள் வகுக்கப்பட்டன. மறு ஆண்டே தகுதியற்றவர்கள் இந்நோய்களுக்கு வைத்தியம் பார்ப்பதும் விளம்பரம் செய்வதும் தடை செய்யப்பட்டன. இந்தியாவிலும் 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் பால்வினை நோய் மருந்துகளுக்கான விளம்பரத்தைத் தடை செய்கிறது. பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவர்களைப் பார்த்தவர்களுக்கு அப்படியொரு சட்டம் இருப்பதை நம்புவது கடினம். லாட்ஜில் அறை எடுத்து, மாதத்தில் இன்ன தேதிக்கு வருகிறேன் என்று நோட்டீஸ் ஒட்டும் வைத்தியர்களிடம் ஆண்கள் போவது அறியாமையால் மட்டுமல்ல. அங்கே யாரும் பெயர் கேட்பதில்லை. அரசு மருத்துவமனை அவர்களோடு போட்டியிட வேண்டியது மருந்தில் அல்ல, இந்த ஒரு விஷயத்தில்தான்.

மருந்தைப் பொறுத்தவரை போர் பாதிக்கு மேல் 1943-இலேயே முடிந்துவிட்டது. அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை மருத்துவர் ஜான் மஹோனி நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவு மருத்துவமனையில் நான்கு சிபிலிஸ் நோயாளிகளுக்கு பெனிசிலின் போட்டுக் குணப்படுத்திக் காட்டினார். அதற்குமுன் ஆர்சனிக் கலந்த ஊசிகளை மாதக்கணக்கில் போட வேண்டியிருந்தது. ஆரம்பக்கட்ட சிபிலிஸுக்கு இன்றும் அதே பெனிசிலின்தான் மருந்து: 24 லட்சம் யூனிட் பென்சத்தீன் பெனிசிலின், தசையில் ஒரே தவணை. எண்பது ஆண்டுகளாகியும் கிருமி அதற்கு எதிர்ப்பு வளர்த்துக்கொள்ளவில்லை. ஆனால் அதே நாட்டில், அதே துறையே அலபாமா மாநிலத்தின் டஸ்கெகீயில் சிபிலிஸ் இருந்த ஏறத்தாழ நானூறு கறுப்பின ஆண்களை, நோய் எப்படி வளர்கிறது என்று பார்ப்பதற்காக 1932 முதல் 1972 வரை சிகிச்சையின்றி விட்டுவைத்தது. பெனிசிலின் வந்த பிறகும் கொடுக்கவில்லை. அரசு மருத்துவத்தின் மீது அந்தச் சமூகத்துக்கு ஏற்பட்ட அவநம்பிக்கை இன்னும் முழுதாகத் தீரவில்லை.

பால்வினை நோய் மருத்துவத்தில் சென்னைக்கு நீண்ட மரபு உண்டு. டோனோவனோசிஸ் என்ற புண்நோய்க்கு அந்தப் பெயர் வந்ததே, 1905-இல் சென்னையில் பணியாற்றிய சார்லஸ் டோனோவன் அதன் கிருமியை நுண்ணோக்கியில் கண்டதால்தான். அதே நோயைப் பற்றி 1954-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட தனிநூலை எழுதியவர்கள் சென்னை மருத்துவர்களான ஆர்.வி. ராஜமும் பி.என். ரங்கையாவும். சென்னை மருத்துவக் கல்லூரியோடு இணைந்த பால்வினை நோயியல் நிலையம் நாடு முழுவதற்கும் மருத்துவர்களைப் பயிற்றுவித்தது. தேசிய அளவில் கட்டுப்பாட்டுத் திட்டம் 1946-இலேயே தொடங்கியிருந்தாலும், அது பெரும்பாலும் பெரிய ஆஸ்பத்திரிகளின் ஒரு மூலையில், வேறு வாசல் வழியாகப் போக வேண்டிய பிரிவாகவே நெடுங்காலம் இருந்தது.

நிலைமையை மாற்றியது எச்.ஐ.வி. 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் பாலியல் தொழிலாளர்களிடம் எடுத்த இரத்த மாதிரிகளில்தான் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது. 1992-இல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியபோது பால்வினை நோய்த் திட்டமும் அதற்குள் கொண்டுவரப்பட்டது. இரண்டையும் இணைத்ததற்குக் காரணம் உண்டு. பிறப்புறுப்பில் புண்ணோ அழற்சியோ இருந்தால் எச்.ஐ.வி. உடலுக்குள் நுழைவது எளிதாகிறது; தொற்று உள்ளவரிடமிருந்து வெளியேறும் வைரஸின் அளவும் கூடுகிறது.

அப்படியானால் மற்ற பால்வினை நோய்களைக் குணப்படுத்தினால் எச்.ஐ.வி. குறையுமா? ஆப்பிரிக்காவில் இரண்டு பெரிய ஆய்வுகள் இதைச் சோதித்தன. தான்சானியாவின் முவான்சா பகுதியில் கிராமச் சுகாதார நிலைய ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மருந்து தட்டுப்பாடின்றிக் கிடைக்கச் செய்து, அறிகுறியோடு வருவோருக்கு உடனே சிகிச்சை தந்தார்கள். 1995-இல் வெளியான முடிவின்படி அந்தக் கிராமங்களில் புதிய எச்.ஐ.வி. தொற்று சுமார் 40 சதவீதம் குறைந்திருந்தது. பக்கத்து நாடான உகாண்டாவின் ராக்காயில் வேறு வழியைப் பின்பற்றினார்கள்: பத்து மாதத்துக்கு ஒருமுறை வீடுவீடாகப் போய், நோய் இருக்கிறதோ இல்லையோ, எல்லோருக்கும் மருந்து கொடுத்தார்கள். எச்.ஐ.வி. குறையவே இல்லை. ராக்காயில் தொற்று ஏற்கெனவே மக்களிடையே பரவி முதிர்ந்திருந்தது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. இடையிடையே வந்து போகும் மருந்து வண்டியைவிட, தேவைப்படும் நாளில் திறந்திருக்கும் சுகாதார நிலையம் அதிகம் செய்கிறது என்பது இன்னொரு வாசிப்பு. இரண்டாவதே பொருத்தமாகத் தோன்றுகிறது. மருந்து வண்டி போன மறுவாரம் புதிதாகத் தொற்று பெற்றவர் அடுத்த சுற்றுக்கு ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும் அல்லவா?

அறிகுறியைப் பார்த்து அப்போதே சிகிச்சை தரும் இந்த முறைதான் இந்தியாவிலும் அடிப்படையானது. ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பி, முடிவு வந்ததும் திரும்ப வாருங்கள் என்றால் பலர் திரும்ப வருவதில்லை. ஆகவே நோயாளி சொல்வதையும் கண்ணுக்குத் தெரிவதையும் வைத்து, அந்த அறிகுறிக்குக் காரணமாகக்கூடிய முக்கியக் கிருமிகள் அனைத்துக்கும் சேர்த்து மருந்து கொடுத்துவிடுகிறார்கள். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின், 2007-இல் தொடங்கிய மூன்றாம் கட்டத்தில் இதற்காக ஏழு வண்ண மருந்துப் பைகள் நடைமுறைக்கு வந்தன. சிறுநீர்த்துளையில் சீழ் வடிவதற்குச் சாம்பல் நிறப் பை: கொனோரியாவுக்கு செஃபிக்சிம், கிளமிடியாவுக்கு அசித்ரோமைசின், இரண்டும் ஒரே வேளை. வெள்ளைப்படுதலுக்குப் பச்சை. புண்ணுக்கு வெள்ளை, அதில் பெனிசிலின் ஊசி மருந்து இருக்கும். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நீலம். ஹெர்ப்பிஸ் கொப்புளத்துக்குச் சிவப்பு, அடிவயிற்று வலிக்கு மஞ்சள், தொடை இடுக்கில் நெறி கட்டினால் கறுப்பு. மருந்தின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை, நிறம் போதும். ஆரம்பச் சுகாதார நிலையத்தில் நாள்தோறும் நூற்றுக்கணக்கானோரைப் பார்க்கும் மருத்துவருக்கும் மருந்தாளுநருக்கும் இது பெரிய உதவி.

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் இந்தச் சிகிச்சைப் பிரிவுக்கு 'சுகவாழ்வு மையம்' என்று பெயர். எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் ஆலோசனைக்குமான இடம் 'நம்பிக்கை மையம்'. பலகையில் நோயின் பெயரே இல்லாமல் பார்த்துக்கொண்டது சாமர்த்தியமான ஏற்பாடு. வெளி நோயாளிகள் வரிசையில் நிற்பவரை யாரும் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. உள்ளே ஆலோசகர் ஒருவர் இருப்பார். மருந்தை முழுதாகச் சாப்பிடுவது, ஆணுறையைச் சரியாகப் பயன்படுத்துவது, சிபிலிஸுக்கும் எச்.ஐ.வி.க்கும் இரத்தம் கொடுத்துப் பார்ப்பது ஆகியவற்றை விளக்குவது அவர் பொறுப்பு.

அவருடைய வேலையிலேயே கடினமானது துணையை வரவழைப்பது. வீட்டில் சொன்னால் குடும்பம் உடைந்துவிடும் என்று ஆண் அஞ்சுவார். சொன்னால் தன்னையே சந்தேகிப்பார்கள் என்று பெண் அஞ்சுவார். அந்த அச்சம் வெறும் கற்பனை அல்ல. ஆகவே நோயாளியை வற்புறுத்தாமல், எப்படிச் சொல்வது என்று பேசிப் பார்த்து, துணைக்கும் அதே மருந்தைத் தர ஏற்பாடு செய்வதே பெரும்பாலும் நடக்கிறது. எந்தத் திட்டத்திலும் மிகக் குறைவாக எட்டப்படும் இலக்கு இதுதான்.

அறிகுறி வழி சிகிச்சைக்குத் தெளிவான எல்லையும் உண்டு. ஆணுக்குச் சீழ் வடிந்தால் கணிப்பு பெரும்பாலும் சரியாக இருக்கும். பெண்ணின் வெள்ளைப்படுதலுக்கோ பாலுறவோடு தொடர்பில்லாத காரணங்களே அதிகம். தேவையில்லாத மருந்தும், தேவையில்லாத குடும்பச் சந்தேகமும் அங்கே விளைகின்றன. மறுபக்கம், அறிகுறியே இல்லாத கிளமிடியா இந்த வலையில் சிக்குவதே இல்லை. அதனால்தான் 2021-ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் உலக சுகாதார நிறுவனம், இயன்ற இடங்களில் மூலக்கூறு பரிசோதனையைச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது. அந்தப் பரிசோதனையின் விலை இன்னும் ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு எட்டும் அளவில் இல்லை.

மையத்தைத் திறந்து வைத்தால் மட்டும் போதாது. வர அஞ்சுபவர்களிடம் அவர்களுள் ஒருவரே போக வேண்டும். இதை இந்தியாவுக்குக் காட்டியது கொல்கத்தாவின் பாலியல் தொழில் பகுதியான சோனாகாச்சி. 1992-இல் டாக்டர் ஸ்மரஜித் ஜானா அங்கே வேலையைத் தொடங்கியபோது, எப்போதும் ஆணுறை பயன்படுத்தியோர் நூற்றுக்கு மூவர்கூட இல்லை. அவர் பாலியல் தொழிலாளர்களையே பயிற்றுவித்து வீடுவீடாக அனுப்பினார். ஆணுறை வேண்டும் என்று வாடிக்கையாளரிடம் ஒரு பெண் தனியாக வற்புறுத்த முடியாது. எல்லாரும் சேர்ந்து வற்புறுத்தினால் முடியும். அடுத்த சில ஆண்டுகளில் அவர்கள் தங்களுக்கென்று சங்கம் அமைத்தார்கள், வட்டிக்காரர்களிடமிருந்து விடுபடக் கூட்டுறவுச் சங்கமும் நடத்தினார்கள். பத்தாண்டுக்குள் ஆணுறைப் பயன்பாடு பெரும்பான்மையோரின் வழக்கமாகியிருந்தது.

தாய்லாந்து வேறு வழியில் போனது. 1989-இல் ராட்சபுரி மாகாணத்தில் டாக்டர் விவாட் தொடங்கி, 1991-இல் நாடு முழுவதும் விரிந்த 'நூறு சதவீத ஆணுறை' திட்டம், பொறுப்பை விடுதி உரிமையாளர்கள் மீது வைத்தது. ஆணுறை இல்லாவிட்டால் எந்த விடுதியிலும் இடமில்லை என்றால் வாடிக்கையாளர் வேறு எங்கும் போக முடியாது. அரசு சிகிச்சை நிலையத்துக்குத் தொற்றோடு வரும் ஆணிடம் எந்த விடுதிக்குப் போனார் என்று கேட்டு, அந்த விடுதியைச் சோதித்தார்கள். 1989-க்கும் 1993-க்கும் இடையே ஆணுறைப் பயன்பாடு 14 சதவீதத்திலிருந்து 94 சதவீதமானது; ஆண்களிடையே முக்கியமான ஐந்து பால்வினை நோய்கள் 79 சதவீதம் குறைந்தன. காவல்துறையின் கை இதில் ஓங்கியிருந்தது, பெண்களின் குரல் கேட்கப்படவில்லை என்ற விமர்சனம் நியாயமானதே. என்றாலும் லாக் ஆஸ்பத்திரிக் காலத்தோடு ஒப்பிட்டால், சுமை பெண்ணின் தலையிலிருந்து முதலாளியின் தலைக்கு மாறியிருந்தது.

தமிழ்நாட்டில் 1994-இல் மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் அமைந்தது. மறு ஆண்டு, அமெரிக்க உதவியுடன் சென்னையின் வி.எச்.எஸ். நிறுவனம் 'அபாக்' திட்டத்தைத் தொடங்கி, தன்னார்வ அமைப்புகள் மூலம் லாரி ஓட்டுநர்கள், பாலியல் தொழிலாளர்கள், தன்பாலின ஈர்ப்புள்ள ஆண்கள், திருநங்கைகள் ஆகியோரிடம் நேரடியாகப் போனது. நெடுஞ்சாலை ஓரச் சாப்பாட்டுக் கடைகளில் ஆணுறை கிடைக்கத் தொடங்கியது. சுவர்களிலும் தொலைக்காட்சியிலும் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று கேட்டு ஊரையே பேசவைத்த விளம்பரம் 2000-களின் தொடக்கத்தில் வந்தது. அது கேலியாகவும் மாறியது, ஆனால் வீட்டுக்கூடத்தில் உச்சரிக்கப்படாத ஒரு விஷயம் அங்கே வந்து உட்கார்ந்ததும் அதனால்தான். களப்பணியாளர்களுக்குச் சட்டமே தடையாக இருந்த காலமும் உண்டு. தன்பாலின உறவைக் குற்றமாக்கிய 377-ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2018-இல் தளர்த்தும்வரை, ஆணுறை கொடுக்கப் போனவரையே போலீஸ் பிடிக்கும் நிலை இருந்தது.

எல்லாத் திட்டங்களிலும் செலவுக்கு மிக அதிகப் பலன் தருவது கர்ப்பிணிகளுக்கான சிபிலிஸ் பரிசோதனை. சிகிச்சை பெறாத தாயிடமிருந்து கிருமி நஞ்சுக்கொடி வழியாகச் சிசுவுக்குப் போகும். குழந்தை வயிற்றிலேயே இறக்கலாம், குறைமாதத்தில் பிறக்கலாம், எலும்பிலும் கண்ணிலும் பாதிப்போடு பிறக்கலாம். 2016-இல் உலகெங்கும் 6.6 லட்சம் கர்ப்பங்களில் சிசுவுக்குச் சிபிலிஸ் தொற்றியதாகக் கணக்கிடப்பட்டது. இதைத் தடுக்க வேண்டியது ஒரு துளி இரத்தமும், தொற்று இருந்தால், பிரசவத்துக்குக் குறைந்தது 30 நாளுக்கு முன் போடும் பெனிசிலின் ஊசியும்தான். அந்த ஊசியைப் போட இங்கே பல மருத்துவர்கள் தயங்குகிறார்கள். ஒவ்வாமை அதிர்ச்சி வரும் என்ற அச்சம் உண்மையான ஆபத்தைவிடப் பெரிதாக வளர்ந்திருக்கிறது.

இலங்கை இதைச் செய்து முடித்தது. தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுவதை ஒழித்த நாடு என்று 2019 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் அதற்குச் சான்றளித்தது. ஒரு லட்சம் பிறப்புகளில் பிறவிச் சிபிலிஸ் 50-க்கு மேல் போகாமல் இருப்பது அந்தச் சான்றின் நிபந்தனைகளில் ஒன்று. அங்கே புதிய மருந்தோ பெரிய கருவியோ வரவில்லை. தன் பகுதியில் யார் கர்ப்பமாக இருக்கிறார் என்று வீட்டுக்குப் போய்ப் பதிவு செய்யும் குடும்பநல உத்தியோகத்தரும், எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் வழக்கமாகச் செய்யும் இரத்தப் பரிசோதனையும் இருந்தன. எல்லோருக்கும் செய்வதால் யாருக்கும் அது அவமானமாகத் தெரியவில்லை. அதே ஆண்டுகளில் அமெரிக்காவில் நடந்தது தலைகீழ். உள்ளூர்ப் பால்வினை நோய்ச் சிகிச்சை நிலையங்களுக்கான நிதி சுருங்கிக்கொண்டே போக, 2022-இல் அங்கே 3,700-க்கும் மேற்பட்ட குழந்தைகள் பிறவிச் சிபிலிஸோடு பதிவாயின. 2012-ஐப் போலப் பத்து மடங்குக்கும் மேல். ஏறத்தாழ பத்தில் ஒன்பதை உரிய நேரப் பரிசோதனையும் சிகிச்சையும் தடுத்திருக்கும் என்று அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையமே சொன்னது.

தடுப்பூசி இருக்கும் இரண்டு நோய்களில் வேலை இன்னும் எளிது. ஹெபடைட்டிஸ்-பி ஊசி பிறந்த குழந்தைக்கே போடப்படுகிறது. கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கும் எச்.பி.வி.க்கு எதிரான ஊசியை இலங்கை 2017-இல் ஆறாம் வகுப்பு மாணவிகளுக்குப் போடத் தொடங்கியது.

கொனோரியாவில் மட்டும் மருந்தே கைவிடும் நிலை நெருங்குகிறது. 1930-களின் சல்ஃபா மருந்துகள் பத்தாண்டுக்குள் பயனிழந்தன. பெனிசிலினை முறிக்கும் நொதியைக் கொண்ட கிருமி 1976-இல் கண்டறியப்பட்டது. அடுத்து வந்த சிப்ரோஃப்ளாக்சசினும் போனது. 2018-இல் இங்கிலாந்தில் ஒருவருக்குக் கடைசி நம்பிக்கையான செஃப்ட்ரியாக்சோன், அசித்ரோமைசின் இரண்டுக்குமே கட்டுப்படாத கிருமி இருந்தது. மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டு, சீழ் நின்றதும் நிறுத்திவிடும் பழக்கம் இந்த எதிர்ப்பை வளர்க்கிறது. அறிகுறி பார்த்தே சிகிச்சை தரும் நாடுகளில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் ஆய்வகங்கள் குறைவு என்பதால் எதிர்ப்பு எங்கே தலைதூக்குகிறது என்று தெரிவதும் தாமதமாகிறது. இந்தியாவில் தில்லி சஃப்தர்ஜங் மருத்துவமனையின் மையமும், சென்னை நிலையம் உள்ளிட்ட வட்டார மையங்களும் நோயாளிகளிடமிருந்து எடுத்த கிருமியைத் தட்டுகளில் வளர்த்து, எந்த மருந்துக்கு அது இன்னும் கட்டுப்படுகிறது என்று சோதிக்கின்றன. சாம்பல் நிறப் பைக்குள் இருக்கும் மாத்திரை எப்போது மாற வேண்டும் என்பது அந்தத் தட்டுகளில் வளர்வதைப் பார்த்துத்தான் முடிவாகிறது.